பெரிய வீட்டு மட்டன் பை

தொலைக்காட்சித் திரையில் உறைந்து நின்ற மட்டன் பையின் மூடி ஏ-மூன்றா, ஏ-மூன்றரையா என்று பல்செட்டுக்காரரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். திரைக்கு ஒரு சாண் தள்ளி முட்டி போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த பட்டையை அந்த மூடியின் மேல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையில் பதினாறு பீங்கான் பற்கள் வரிசையாகச் செருகியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மனிதனுக்கு முளைக்கிற எந்தப் பல்லும் இந்தப் பதினாறுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. வெந்த மாவும் அடங்கும் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது.

“ஏ-மூணரைதான்” என்று சொல்லிக்கொண்டே நோட்டில் குறித்தார். எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து பார்த்தபோது ஏ-நான்கு போலத் தெரிந்தது. அடித்துவிட்டுத் திருத்தினார்.

பை என்றதும் கடைக்குக் கொண்டுபோகிற துணிப்பையை நினைத்துக்கொள்ள வேண்டாம். கொத்துக்கறியை வெங்காயம், காரட்டோடு வதக்கி, வட்டத் தட்டில் நிரப்பி, மேலே மாவால் மூடி போட்டுச் சுட்டெடுக்கிற இங்கிலீஷ்காரர் பதார்த்தம் அது. குளிர்காலத்தில் வயிற்றுக்கும் மனசுக்கும் இதமாக இருக்குமாம். நம் ஆள் அதைச் சாப்பிட்டதும் இல்லை, நேரில் பார்த்ததும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அதைச் செய்து முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் மனைவி திரும்பி வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. போனது ஒரு சனிக்கிழமை காலை. பெட்டியும் கையுமாக வாசலில் நின்று, “நான் போறேங்க” என்றாள்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “வரும்போது பால் வாங்கிட்டு வா” என்றார் இவர்.

பால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வெறும் டீயைக் குடிக்கும்போதுதான் பாலோடு மனைவியும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. அவளுடைய அக்கா வீட்டுக்குப் போன் போட்டார்.

“இங்கதான் இருக்கா” என்றாள் அக்கா.

“எப்ப வருவா?”

“அத அவதான் சொல்லணும்.”

இருபத்திரண்டு வருஷத்தில் தங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பினார். சொன்னது பொய்யில்லை. சண்டைக்கு இரண்டு பேர் வாயைத் திறக்க வேண்டும். இவர் சாப்பிடத்தான் திறப்பார். சாப்பாடு நன்றாக இருந்தால் “ம்”, உப்புக் கம்மி என்றால் கொஞ்சம் நீளமாக “ம்ம்”. குழந்தை இல்லை, அதைப் பற்றியும் இருவரும் பேசிக்கொண்டதில்லை. பகலெல்லாம் பல் மருத்துவமனையின் பின்கட்டு லேபில் மோட்டார் இரைச்சலில் கிடப்பதால் வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சத்தம் ஆகாது. தொலைக்காட்சி ஓடலாம், ஆனால் ஊமையாகத்தான் ஓட வேண்டும். அவளும் பாதி நேரம் அந்த ஊமைப்படத்தைப் பார்ப்பாள், மீதி நேரம் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சத்தத்தோடு பார்த்துவிட்டு வருவாள்.

வியாழக்கிழமை அவளே போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். அக்காவும் மாமாவும் கூட வராங்க. வீட்ல இருப்பீங்களா?”

“இருப்பேன்.”

வழக்கமாக இத்தோடு வைத்துவிடுகிற மனுஷர், என்ன தோன்றியதோ, “சாப்பிடாம வா” என்றார்.

“சரி” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் விபரீதம் புரிந்தது. அவளுக்கு என்ன பிடிக்கும்? கண்ணை மூடி யோசித்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. காப்பியா, டீயா? அதுவும் தெரியவில்லை. ஊரில் யார் யார் வாயில் எந்தப் பக்கம் எத்தனை பல் கட்டியிருக்கிறது என்பது தலைகீழாகத் தெரிந்த மனுஷருக்கு, ஒரே வீட்டில் இருந்தவளின் வாய்க்கு எது ருசி என்பது தெரியவில்லை. அவருக்கே அது வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தை நன்றாக அனுபவிக்க நேரமில்லாததால் மேற்கொண்டு யோசித்தார்.

ஒரே ஒரு வாக்கியம் அகப்பட்டது. ஒருநாள் அவருக்குச் சோறு போட வந்தவள் கரண்டியோடு அப்படியே நின்று, தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த பெரிய வீட்டுத் தொடரைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்கும் ஒருத்தர் இப்படி ஒரு மட்டன் பை செஞ்சு போட்டா எப்படி இருக்கும்!”

அவர் “ம்” என்றார். திரையை மறைக்கிறாளே என்ற எரிச்சலில்தான் அந்த வாக்கியம் மனசில் நின்றிருக்க வேண்டும்.

தொடரில் வருவது பழைய காலத்து இங்கிலீஷ் மாளிகை ஒன்று. மாடியில் எஜமானர் குடும்பம், கீழே வேலைக்காரர்கள். எல்லாவற்றையும் நம் மொழியில் குரல் கொடுத்து ஒளிபரப்பியிருந்தார்கள். பகுதிகள் எல்லாம் தொலைக்காட்சிப் பெட்டியில் பதிவாகி இருந்தன. கடைசிப் பகுதியில் அந்தப் பை அகப்பட்டது. வழக்கப்படி சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினார். நீள மேஜை, வெள்ளை விரிப்பு. தலைமாட்டு நாற்காலியில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரம்மா உட்கார்ந்திருக்கிறாள். மாளிகைக்கு முதலாளியே இடது கையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தன் கையால் பையை வெட்டி வைக்கிறார். பழுப்புக் குழம்பை ஊற்றுகிறார். சுற்றிலும் எல்லோரும் நிற்கிறார்கள். அந்த அம்மா ஒரு வாய் வைத்ததும் பொலபொலவென்று அழுகிறாள்.

‘அழுகிற அளவுக்கு ருசி’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார் பல்செட்டுக்காரர். கேமரா பையை விட்டு நகர்ந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். நான்கு தடவை பார்த்தார், நான்கு தடவையும் பையைத்தான் பார்த்தார்.

செய்முறை தேடவில்லையா என்று கேட்கலாம். அது அவர் பழக்கமில்லை. டாக்டரம்மா அனுப்புகிற அச்சையும் நிற எண்ணையும் வைத்து, ஆள் கறுப்பா சிவப்பா, சிரிக்கிறவரா சிடுமூஞ்சியா என்று எதுவும் தெரியாமலே இருபத்துநான்கு வருஷமாகப் பல் செய்கிறவர். மாதிரி கையில் இருந்தால் போதும், மனுஷன் தேவையில்லை என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை காலை மாவும் கறியும் வாங்கிக்கொண்டு லேபுக்குப் போனார். அன்று அரை நாள் வேலை. வீட்டில் இருப்பது இரட்டை பர்னர் அடுப்பு. மேலே கீழே இரண்டு பக்கமும் சுடுகிற சமாச்சாரம் எதுவும் இல்லை. லேபிலோ அருமையான உலை இருக்கிறது. மெழுகில் செய்த பல்லை அச்சுக்குள் புதைத்து அதில் வைத்தால், மெழுகு எரிந்து ஓடி, உள்ளே பல் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் நிற்கும். அதில் பிறகு உலோகத்தை ஊற்றுவார்கள். உலையில் ஏற்கெனவே ஆறு அச்சுகள் சூட்டுக்குக் காத்திருந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, லேப் மேஜையிலேயே தயார்செய்த மட்டன் பையை நடுவில் வைத்தார். மூடியைச் சுற்றிப் பின்னல், நடுவில் மூன்று இலை. மெழுகு செதுக்குகிற கத்தியால் நரம்பு நரம்பாக இழைத்திருந்தார். பெற்ற தாய்கூடக் குழந்தையைத் தொட்டிலில் அவ்வளவு பதமாகக் கிடத்தியிருக்க மாட்டாள்.

கதவைச் சாத்தினார். விரல் பட்டனுக்குப் போனது. இருபத்துநான்கு வருஷமாக அந்த விரல் அழுத்துவது மூன்றாம் நம்பர். அன்றைக்கும் அதையே அழுத்தியது. மூன்றாம் நம்பர் என்றால் தொள்ளாயிரம் டிகிரி.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

“என்ன வாசனை இது?”

“புது மெழுகு, டாக்டர்.”

“மெழுகுல வெங்காயம் போடறாங்களா?”

டாக்டரம்மா உலையை அணைத்து, கதவைத் திறந்து, கறுப்புப் புகைக்கு நடுவே எட்டிப் பார்த்தார். தட்டில் ஒரு கரி வட்டம் இருந்தது. இலை நரம்பு மட்டும் அழியாமல் தெளிவாகத் தெரிந்தது. கைவேலைக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

“இது என்னது?”

“மட்டன் பைங்க.”

“என் உலையில?”

“வீட்டம்மா நாளைக்கு வரா, டாக்டர்.”

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மனைவி போய்விட்ட கதை மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். அவர்தானே ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

“சரி, அது உங்க விஷயம். ஆனா இந்த ஆறு அச்சுலயும் கறிக்கொழுப்பு ஏறியிருக்கு. திங்கட்கிழமை காலைல ஆறு பேர் பல்லுக்கு வராங்க. திரும்ப மெழுகுல இருந்து ஆரம்பிச்சுட்டுத்தான் நீங்க வீட்டுக்குப் போறீங்க.”

அரை நாள் வேலை முழு நாளாயிற்று. பொழுது சாய்கிற நேரத்துக்கு, மிச்ச மாவும் மிச்சக் கறியுமாகத் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினார். அந்த அம்மாவிடம் ரொட்டி சுடுகிற சின்ன ஓவன் ஒன்று உண்டு என்று கேள்வி.

கழுத்தில் அளவு நாடா தொங்கத் தையல்காரம்மா கதவைத் திறந்தாள். “என்ன சார், அதிசயமா இருக்கு?”

“ஓவன் வேணும்மா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும். அவ வரா.”

“தெரியும், சொன்னாங்க. அதுக்கு ஓவன் எதுக்கு?”

“மட்டன் பை செய்யப்போறேன். அந்தப் பெரிய வீட்டுத் தொடர்ல வருமே.”

தையல்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. “எந்தப் பகுதில வர்றது?”

“கடைசிப் பகுதி. மொதலாளி பரிமாறுவாரே.”

“நீங்களா? உங்க கையாலயா செய்யப்போறீங்க?”

“ஆமா. நின்னு பரிமாறவும் போறேன். அதுல எப்படியோ அப்படியே.”

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களப் போய் என்னென்னவோ நெனச்சுட்டேன், சார். எல்லாருக்கும் வராது இந்த மனசு. இருங்க, எடுத்துட்டு வரேன்.”

பல்செட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பைக்கே பொம்பளைகள் இப்படி உருகுவார்கள் என்று தெரிந்திருந்தால் எப்போதோ செய்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

ஓவனைத் தூக்கிக்கொண்டு தையல்காரம்மாவும் மாடிக்கு வந்தாள். அவர் மாவு பிசைவதைப் பார்த்ததும் பதறிப்போனாள். தண்ணீரை அளந்து ஊற்றி, கரண்டியால் சுழற்றி, கிண்ணத்தை மேஜையில் டக் டக்கென்று தட்டி, மாவைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தார்.

“இப்படி அடிக்காதீங்க, சார். மாவு கல்லாயிடும்.”

“உள்ள காத்துக்குமிழி நின்னா வெடிச்சிடும்மா.”

“அது பல்லு, சார்.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

அந்த அம்மா மேற்கொண்டு வாதாடவில்லை. நல்ல காரியம் செய்கிறவரைக் குறை சொல்லக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பை ஓவனுக்குள் போனது. இந்தத் தடவை பட்டனை இடது கையால் அழுத்தினார். முக்கால் மணி கழித்து வெளியே எடுத்தால், மூடி வெள்ளை வெளேரென்று இருந்தது. பட்டையை வைத்துப் பார்த்தார். பி-ஒன்று. பல்லாக இருந்தால் நோயாளி காலில் விழுந்து கும்பிட்டிருப்பான்.

நோட்டில் ஏ-நான்கு என்று இருக்கிறதே! கெட்டியாக டீ போட்டு, பிரஷ்ஷால் ஒரு பூச்சு பூசி மறுபடி உள்ளே வைத்தார். பீங்கானுக்கு அப்படித்தான் நிறம் ஏற்றுவார்கள், ஒரு பூச்சு, ஒரு சூடு. ஏ-இரண்டுக்கு வந்தது. இன்னொரு பூச்சில் ஏ-மூன்று. ஐந்தாவது பூச்சுக்குத் திரையில் இருந்த அதே நிறம் அச்சு அசலாக வந்து உட்கார்ந்தது. ஆசையோடு விரலால் சுண்டினார். டொக் என்றது.

கத்தியை எடுத்து மூடியின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். கத்தி வளைந்தது. பெரிய கத்தியை எடுத்தார். அதன் முனை போயிற்று.

போகட்டும், முதலில் குழம்பைக் கவனிப்போம் என்று அந்தப் பக்கம் போனார். கறி வெந்த சாற்றில் மாவு கரைத்துக் கொதிக்கவைத்திருந்தார். ருசி பார்த்தால் உப்பு நாக்கைப் பிடுங்கியது. தண்ணீர் விட்டார். நிறம் போய்விட்டது. நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினார். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. இரண்டையும் சமாதானப்படுத்த இரண்டு கைப்பிடி மாவைக் கொட்டிக் கிண்டி, கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தார். பத்து நிமிஷம் கழித்து ஜாடியைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் வரவில்லை. வாயில் வைத்து அச்சு எடுக்கிற பசை இவ்வளவு அருமையாக இறுகி அவர் பார்த்ததில்லை.

மணி பன்னிரண்டே கால்.

இனி யோசிக்க நேரமில்லை. வீட்டில் வைத்து வேலை பார்ப்பதற்கென்று ஒரு கைமோட்டார் இருந்தது. முனையில் பல்செட்டை அறுக்கிற தகட்டை மாட்டினார். கண்ணாடி, முகமூடி போட்டுக்கொண்டார். பின்னல் கெடாமல், இலை ஒடியாமல், மூடியைச் சுற்றி வட்டமாக அறுக்க ஆரம்பித்தார். வீல் என்ற இரைச்சலோடு மாவுத்தூள் பறந்தது. சுவர், வெள்ளை விரிப்பு, தலைமயிர், புருவம் என்று ஒன்றும் பாக்கி இல்லை. முக்கால் வட்டம் அறுபட்டபோது அழைப்பு மணி அடித்தது. மோட்டார் சத்தத்தில் முதல் இரண்டு தடவை அவருக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை கேட்டுப் போய்க் கதவைத் திறந்தார். வாசலில் மனைவி. பின்னால் அவள் அக்கா. அவளுக்கும் பின்னால், கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சகலை. சகலை வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஆள் ஆறடி, மீசை முக்கால் அடி. பெண்களோடு உட்கார்ந்து தொடர் பார்த்துவிட்டு அவர்களுக்கும் முந்தி அழுகிறவர் என்று குடும்பத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

முகமூடியும் கண்ணாடியும் வெள்ளைப் புருவமுமாக நின்ற உருவத்தைப் பார்த்து அக்கா ஒரு படி பின்வாங்கினாள்.

“என்னங்க இது கோலம்?” என்றாள் மனைவி.

அவர் பெட்டிகளைத்தான் பார்த்தார். போகும்போது ஒன்று, வரும்போது இரண்டு! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“உள்ள வா” என்றார். “வாங்க அண்ணி. வாங்க அண்ணே, பெட்டிய அப்படி வைங்க.”

விரிப்பை உதறிப் போட்டார். தலைமாட்டு நாற்காலியை இழுத்து, “உக்காரு” என்றார் மனைவியிடம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. தயங்கி, நுனியில் உட்கார்ந்தாள். அவர் இடது கையில் துண்டைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்த் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

ஏ-நான்கு நிறத்தில் பின்னலும் இலையுமாக உட்கார்ந்திருந்தது மட்டன் பை.

அக்கா சகலையின் கையைப் பிடித்தாள். சகலையின் மீசை துடித்தது.

“நீங்க செஞ்சீங்களா?” என்றாள் மனைவி.

“ஆமா.”

“இது... அதுல வர்றதா?”

“கடைசிப் பகுதில வர்றது. நாலு தடவ பாத்தேன்.”

“எல்லாம் பாத்துட்டுத்தான் செஞ்சீங்களா?”

“பின்ன? பாக்காம எப்படி இவ்வளவு சரியா வரும்?”

முக்கால்வாசி அறுத்திருந்த மூடியைக் கைக்கு வலு கொடுத்துப் பெயர்த்தார். கால்வாசி வட்டம் ஓடு உடைகிற சத்தத்தோடு விட்டது. ஒரு துண்டை அவள் தட்டில் வைத்தார். ஜாடிக்குள் கரண்டியை விட்டு, பழுப்புக் குழம்பில் சதுரமாக ஒரு வில்லை எடுத்துப் பக்கத்தில் சாய்த்தார். பிறகு கையில் துண்டோடு விறைப்பாக நின்றுகொண்டார்.

“நீங்களும் எந்திரிங்க” என்று அக்காவிடமும் சகலையிடமும் சாடை காட்டினார். அவர்கள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்கள்.

மனைவி ஒரு வாய் வைத்தாள். அறைக்குள் கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் மென்றாள். வெகுநேரம் மென்றாள். கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. பல்செட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. திரையிலும் அந்த அம்மா இதே இடத்தில்தான் அழுதாள்.

தட்டில் வைத்ததை அவள் மிச்சம் வைக்கவில்லை. உப்பும் இனிப்புமான வில்லையையும் விழுங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நேராக அவள் அவரைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

“என்னென்னவோ பேசணும்னு ராத்திரியெல்லாம் தூங்காம யோசிச்சு வச்சிருந்தேன். சண்ட வரும், நீங்க கத்துவீங்க, நான் அழுவேன்னு பயந்துதான் அக்காவையும் மாமாவையும் கூட்டிட்டு வந்தேன். நீங்க ஒரு வார்த்த பேசாமயே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க.”

“எனக்குப் பேச வராதுன்னு உனக்குத்தான் தெரியுமே.”

“தெரியும். ஆனா என்னப் பத்தி உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாம போச்சு.” தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். “உங்களத் தப்பா நெனச்சிருந்தா மன்னிச்சிடுங்க.”

“அட, அதெல்லாம் என்னத்துக்கு இப்ப? இனிமே எல்லாம் சரியாயிடும்.”

“ஆமாங்க. ரெண்டு பேருக்குமே.”

அவள் எழுந்து அவர் கையைப் பிடித்தாள். மாவு அப்பிய கை. ஒரு நிமிஷம் பிடித்தபடி நின்றுவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதின. பின்னாலேயே அக்காவும் தங்கையும் மெல்லப் பேசிச் சிரிப்பது கேட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று பல்செட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிடிபடவில்லை. இனிமேல் தினம் கேட்கலாமே என்று விட்டுவிட்டார். சத்தத்தைக்கூட வைத்துக்கொள்ளட்டும், தொலைக்காட்சியை அலறவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தார்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே சகலை ஒரு துண்டு பையைக் கடைவாயில் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் நீர்.

“பாத்தீங்களா, அண்ணே? மூணு வாரமா ஒரே புலம்பல். கடைசில ஒரு மட்டன் பைல முடிஞ்சிடுச்சு.”

சகலை வாய் நிறையத் தலையாட்டினார்.

“துணியெல்லாம் அடுக்கறா போல” என்றார் பல்செட்டுக்காரர், படுக்கையறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு. “பீரோல அவ தட்டு எதையும் நான் தொடவே இல்லண்ணே, பழைய இடத்துலயே வைக்கலாம். ராத்திரிக்கு என்ன செய்யட்டும்னு அவகிட்ட நானே கேக்கப்போறேன், பாருங்க.”

சகலை ஒருவழியாக விழுங்கிவிட்டு, மேஜையைச் சுற்றி வந்து அவர் தோளை இறுகக் கட்டிக்கொண்டார்.

“முப்பது வருஷம் ஆக்கிப் போட்ட அந்தச் சமையல்காரம்மா இனிமே இந்த வீட்ல இருக்க முடியாது, போறேன்னு சொன்னதும், ஏன்னுகூடக் கேக்காம, ‘சந்தோஷமா போயிட்டு வா’ன்னு அந்த மொதலாளி தன் கையால பை செஞ்சு போட்டு வழியனுப்புவாரு பாருங்க, அப்பக்கூட நான் நெனச்சேன் சகல, இதெல்லாம் கதையிலதான் நடக்கும், எந்தப் புருஷனுக்கும் இந்த மனசு வராதுன்னு!”